புடாபெஸ்ட்: ஒரு நாள் பாஸில் ஒரு நகரம்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் பலருக்கு இன்று பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். நாம் ஊரை விட்டுக் கல்கத்தா வந்தோம். அவர்கள் கல்கத்தாவை விட்டு இன்னும் தூரம் போய்விட்டார்கள். பேரனோ பேத்தியோ பிறந்தால் நமக்கு விமான டிக்கெட் வருகிறது. போகிறோம். மூன்று மாதம் குழந்தையைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, மிச்ச நேரத்தில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். லேக் மார்க்கெட்டில் யாராவது, "ஐரோப்பா எப்படி ஸார் இருந்தது?" என்று கேட்டால், "ரொம்பக் குளிர்" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

2019 செப்டம்பரில் நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். ரயில்வேயில் பாலப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து முந்தைய ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தேன். வியன்னாவில் மகன் வீடு. ஒரு மாதம் போனதும் சுவரெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. பக்கத்து நாடான ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்கு ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று தெரிந்ததும், "ஒரு நாள் போய்விட்டு வருகிறேன்" என்றேன். வீட்டில் ஒரே கலவரம். "தனியாகவா?" என்றாள் மனைவி. அவளுக்கு முழங்கால் வலி. கூட வர முடியாது. மகனுக்கு லீவு இல்லை. "மாமா, அங்கே பாஷையும் தெரியாதே" என்றாள் மருமகள். முப்பத்தெட்டு வருஷம் நள்ளிரவில் டிராலியில் போய்ப் பாலம் பார்த்தவனை ஒரு நாள் தனியே அனுப்ப அத்தனை யோசனை! கடைசியில் புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுமதி தந்தார்கள்.

அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கையில் அதிகப் பணம் இல்லாமல், வழிகாட்டி இல்லாமல், நம் வயதுக்காரர் ஒருவர் ஒரு பழைய நகரத்தை எப்படிப் பார்க்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

போகும் வழியிலேயே ஒரு பாடம்

ஆஸ்திரியா கொடுத்த ஷெங்கன் விசா ஹங்கேரிக்கும் செல்லும். பாஸ்போர்ட்டை மட்டும் கையோடு வைத்திருக்க வேண்டும். மகன் முன்கூட்டியே பதிவு செய்ததால் ரயில் கட்டணம் போக 19 யூரோ, வர 19 யூரோ. காலை ஏழு மணிக்குச் சற்று முன் புறப்பட்ட வண்டி 9.20-க்குப் புடாபெஸ்ட் சேர்ந்தது.

எல்லை தாண்டியதும் ஹங்கேரியில் ஓடும் இந்தத் தடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மின்சார ரயிலுக்கு அந்தக் காலத்தில் தனி மின் நிலையமும் தனி வகை மின்சாரமும் வேண்டியிருந்தது. வீட்டுக்கும் ஆலைக்கும் போகும் சாதாரண 50 சைக்கிள் மின்சாரத்தையே எஞ்சினுக்கும் கொடுக்கலாம் என்று பிடிவாதமாக உழைத்தவர் கால்மான் கந்தோ என்ற ஹங்கேரிய எஞ்சினீயர். அவர் 1931-இல் காலமானார். அவருடைய முறையில் இந்தத் தடம் 1932 முதல் 1934 வரை கட்டம் கட்டமாக மின்மயமானது. 1957-இல் நம் ரயில்வே 25 கிலோவோல்ட், 50 சைக்கிள் முறையைத் தேர்ந்தெடுத்ததே, அதற்கு முன்னோடிகளில் ஒன்று இந்தப் பாதைதான்.

இறங்கும் நிலையத்தின் பெயர் கெலெட்டி. 'கிழக்கு நிலையம்' என்று பொருள். 1884-இல் கட்டியது. வெளியே வந்து திரும்பி நின்று முகப்பைப் பாருங்கள். நம் ஊர்க் கோபுரத்தில் தெய்வங்கள் இருப்பது போல இங்கே இரண்டு பக்கமும் இரண்டு சிலைகள்: ஒருவர் நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், இன்னொருவர் ரயிலின் தந்தை ஜார்ஜ் ஸ்டீஃபன்சன். எனக்கு அங்கேயே மனம் நிறைந்துவிட்டது.

முதல் தவறு

நிறைந்த மனத்தோடு ஒரு தவறும் செய்தேன். ஹங்கேரியில் யூரோ கிடையாது. ஃபோரின்ட் என்பது அவர்கள் நாணயம். நிலையத்தை ஒட்டிய ஒரு பணமாற்றுக் கடையில் 20 யூரோவை நீட்டினேன். அன்றைய மதிப்புக்கு 6,500 ஃபோரின்டுக்குக் குறையாமல் வர வேண்டும். கைக்கு வந்தது 5,400. பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது அவர்கள் விற்கும் விலை. வாங்கும் விலை அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. மூன்று அடி தள்ளி இருந்த டிக்கெட் மெஷின் வங்கி அட்டையையே வாங்கிக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. எந்த ஊரிலும் நிலைய வாசலில் பணம் மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால், "இவ்வளவு கொடுத்தால் கையில் எவ்வளவு வரும்?" என்று எழுதிக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு நோட்டை எடுங்கள்.

அடுத்து நான் வாங்கியது 24 மணி நேரப் பாஸ். அப்போது 1,650 ஃபோரின்ட், நம் பணத்தில் ஏறக்குறைய 400 ரூபாய். மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் இது போதும். ஒற்றை டிக்கெட் வாங்கினால் ஒவ்வொரு முறையும் மெஷினில் குத்த வேண்டும். மறந்தால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம். நான் போனபோது மெட்ரோ வாசலில் நம் ஊரைப் போலக் கதவுகள் இல்லை. கைப்பட்டை கட்டிய பரிசோதகர்கள் நின்றிருந்தார்கள். பாஸைக் காட்டினால் தலையசைப்பு, அவ்வளவுதான்.

ரிவெட் அடித்த சக்கரவர்த்தி

புடாபெஸ்ட் உண்மையில் இரண்டு ஊர். டான்யூப் நதியின் மேற்கே குன்றுகளோடு புடா, கிழக்கே சமதளத்தில் பெஸ்ட். நமக்கு ஹௌராவும் கல்கத்தாவும் போல. பழைய புடாவையும் சேர்த்து 1873-இல்தான் ஒரே நகரமாக்கினார்கள். ஆகவே இந்த ஊரைப் புரிந்துகொள்ளப் பாலங்களைப் பார்க்க வேண்டும். பாலம் பார்க்கக் கட்டணமும் கிடையாது.

கெலெட்டியிலிருந்து நான்காம் எண் மெட்ரோவில் ஃபோவாம் சதுக்கம். 2014-இல் திறந்த தடம் இது. ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிறது. நதியின் அடியிலும் போகிறது. நம் ஹூக்ளிக்கு அடியில் 2024 மார்ச்சில்தான் மெட்ரோ வந்தது. இங்கே இரண்டாம் எண் மெட்ரோ 1972-லேயே டான்யூபைக் கீழே கடந்துவிட்டது.

மேலே ஏறியதும் ஒரு பக்கம் 1897-இல் கட்டிய பெரிய மார்க்கெட். இரும்புக் கூரை; மேலே வண்ண ஓடுகள். நான் போனபோது ஞாயிறு விடுமுறை. கீழ்த் தளத்தில் சிவப்பு மிளகாய்ச் சரங்களைப் பார்த்தால் குண்டூர் ஞாபகம் வரும். ஆனால் காரம் குறைவு. மாடியில் லாங்கோஷ் என்ற பண்டம் விற்கிறார்கள். பட்டூரா மாதிரி, மாவைப் புளிக்க வைத்து எண்ணெயில் பொரித்தது. சைவர்கள் பூண்டு தடவியது மட்டும் போதும் என்று கையால் காட்டிச் சொல்லிவிடலாம். புளியோதரைக்கு முன் அதுதான் என் காலை ஆகாரம்.

மறுபக்கம் சுதந்திரப் பாலம். பச்சை வர்ணம், 1896-இல் திறந்தது. பார்த்தவுடன் நின்றுவிட்டேன். நம் ஹௌரா பாலத்தின் மூத்த அண்ணன் என்றே தோன்றியது. இரண்டும் கான்டிலீவர் வகை. அதாவது, ஆற்றின் இரு பக்கத்திலும் உள்ள தூண்களிலிருந்து இரண்டு கைகளை நீட்டி, நடுவே மிஞ்சும் இடைவெளியில் ஒரு துண்டை அந்தக் கைகளில் தாங்க வைப்பது. நம்முடையதில் நடு இடைவெளி 457 மீட்டர், இங்கே 175 மீட்டர். அளவு சிறியது; ஆனால் நம்முடையதற்கு 47 வருஷம் முந்தியது. வடிவமைத்த யானோஷ் ஃபெகெதெஹாஸிதான் கெலெட்டி நிலையத்தின் இரும்புக் கூரைக்கும் பொறுப்பாளி. கடைசி ரிவெட்டை வெள்ளியில் செய்து, சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் ஜோசஃப் கையால் அடிக்கச் செய்தார்கள்.

நாங்கள் பாலத்தில் ரிவெட் சோதிக்கும் முறை எளியது. தலையில் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவோம். இளகியிருந்தால் விரலில் அதிர்வு தெரியும், சத்தமும் மந்தமாக இருக்கும். பழக்க தோஷம், சாவிக்கொத்தால் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. பாலத்தின் இரும்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

ஆனால் அந்த இரும்பு முழுவதும் 1896-ஐச் சேர்ந்ததல்ல. 1944 டிசம்பர் கடைசியில் சோவியத் படை நகரை முற்றுகையிட்டது. 1945 பிப்ரவரி 13 வரை நீடித்த அந்தப் போரில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை டான்யூபின் மேல் இருந்த பாலங்கள் அனைத்தையும் தகர்த்துவிட்டது. நகரம் மறுபடி இரண்டு ஊர்களாயிற்று. முதலில் சீர்செய்து 1946 ஆகஸ்டில் திறந்தது இந்தச் சுதந்திரப் பாலம்தான். ஒரு பாலத்தைப் பராமரிப்பது என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கு, இத்தனையையும் இழந்து மறுபடி கட்டுவது என்ன என்பதும் கொஞ்சம் புரியும்.

ஆற்றங்கரையில் செருப்புகள்

அங்கிருந்து இரண்டாம் எண் டிராம். பெஸ்ட் கரையை ஒட்டியே போகிறது. இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் நதி, எதிரே புடா அரண்மனை, வரிசையாகப் பாலங்கள். சுற்றுலாப் படகுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். பார்லிமென்ட் அருகே இறங்கினேன். இம்ரே ஸ்டைண்ட்ல் வடிவமைத்தது. நீளம் 268 மீட்டர், உயரம் 96 மீட்டர். ஹங்கேரியர் இந்த மண்ணில் குடியேறியதாகக் கொள்ளும் 896-ஆம் ஆண்டை நினைவூட்டவே இந்த 96. ஊரின் பெரிய தேவாலயமும் அதே 96 மீட்டர்தான்; இரண்டில் எதுவும் மற்றதற்கு மேலே போகவில்லை. உள்ளே போக ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு ஒரு கட்டணம், நமக்கு அதைவிடக் கூடுதல். வெளியிலிருந்தே பார்த்தேன்.

பார்லிமென்டுக்குத் தெற்கே, நீரை ஒட்டிய கல் விளிம்பில், அறுபது ஜோடி செருப்புகளும் பூட்ஸுகளும் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ குளிக்க இறங்கியிருக்கிறார்கள் என்றே தோன்றும். கிட்டே போனால் எல்லாம் இரும்பு, கல்லில் பதித்தவை. ஆண்கள் பூட்ஸ், பெண்கள் குதியுயர்ந்த செருப்பு, குழந்தைகளுடைய சின்னஞ்சிறு காலணிகள்.

1944-45 குளிர்காலத்தில், ஆட்சியில் இருந்த 'அம்புச் சிலுவை' என்ற ஹங்கேரிய நாஜிக் கட்சியினர் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்திச் சுட்டார்கள். உடல்களை ஆறு கொண்டுபோயிற்று. சுடுவதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், ஏனென்றால் போர்க் காலத்தில் செருப்புக்கு விலை உண்டு. சிற்பி கியூலா பாவர், திரைப்படக் கலைஞர் ஜான் தோகாய் இருவரும் சேர்ந்து 2005-இல் இந்த நினைவுச் சின்னத்தை அமைத்தார்கள். சுற்றிலும் கம்பி இல்லை, சீட்டு இல்லை, காவலாளி இல்லை. ஒரு குழந்தையின் காலணிக்குள் யாரோ ஒரு பூ வைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கோவில் வாசலில் வரும் பழக்கம் போலும். அருகில் நின்ற வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் அசைத்தார். புளியோதரையை அங்கே பிரிக்க மனம் வரவில்லை. ரொம்ப தூரம் நடந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

சங்கிலிப் பாலம்

அடுத்தது சங்கிலிப் பாலம். புடாவையும் பெஸ்டையும் இணைத்த முதல் நிரந்தரப் பாலம். அதற்கு முன் இங்கே படகுகளைக் கோத்துச் செய்த மிதவைப் பாலம்தான். குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டி வந்தால் அதையும் எடுத்துவிடுவார்கள். 1820 டிசம்பரில் இஸ்த்வான் செச்சேனி என்ற பிரபு, தந்தை இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்டு, ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையிலேயே காத்துக் கிடந்தாராம். அந்த வேதனையில்தான் பாலம் கட்டும் முயற்சியைக் கையில் எடுத்தார். ஊரில் அப்பாவோ அம்மாவோ போய்விட்டார் என்று தந்தி வந்து, மெயிலைப் பிடித்தும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

வடிவமைத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் டியர்னி கிளார்க். நின்று கட்டியவர் ஸ்காட்லாந்தின் ஆடம் கிளார்க். பெயர் ஒற்றுமைதான், உறவில்லை. 1849-இல் திறந்தது; நடு இடைவெளி 202 மீட்டர். கம்பி வடம் அல்ல. இரு முனையிலும் துளையுள்ள இரும்புப் பட்டைகளை ஆணியால் கோத்த சங்கிலி, சைக்கிள் செயின் மாதிரி. இதில் நடக்கப் பிரபுக்களும் சுங்கம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அதுவரை எந்த வரியும் கட்டாத வகுப்பு அது! இதையும் 1945 ஜனவரியில் தகர்த்தார்கள். சரியாக நூறாவது ஆண்டு நிறைவு நாளில், 1949 நவம்பர் 20 அன்று, மறுபடி திறந்தார்கள். 2021 முதல் 2023 வரை இன்னொரு பெரிய பராமரிப்பு நடந்து முடிந்திருக்கிறது.

பெஸ்ட் பக்கம் பாலத்தின் தலைமாட்டில் ஹங்கேரிய அறிவியல் கழகம். கழகம் உருவாக 1825-இல் தன் ஓராண்டு வருமானத்தைக் கொடுத்தவர் அதே செச்சேனி. கல்கத்தாக்காரர்கள் இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். ஹங்கேரியிலிருந்து நம் ஆசியாடிக் சொசைட்டிக்கு வந்து நூலகராக இருந்து, 1834-இல் கல்கத்தாவில் திபெத்திய-ஆங்கில அகராதியை வெளியிட்டு, 1842-இல் டார்ஜிலிங்கில் காலமான சோமா த கொரோஸ் அவர். அங்கிருந்து ஒருவர் நம் ஊருக்கு வந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வேலைக்காக இங்கே வந்த ஆடம் கிளார்க்கோ உள்ளூர்ப் பெண்ணை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். புடா பக்கத்துச் சதுக்கத்துக்கு அவர் பெயர்தான். பிழைக்க வந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்ட நமக்கு அந்தப் பெயர்ப் பலகை சந்தோஷம் தரும்.

அந்தச் சதுக்கத்திலிருந்து அரண்மனைக் குன்றுக்கு 1870 முதல் ஒரு இழுவை ரயில். 95 மீட்டர் தடம், 30 டிகிரி சரிவு. ஒரே கயிற்றின் இரு முனையில் இரண்டு பெட்டிகள். இறங்கும் பெட்டி ஏறும் பெட்டியை இழுக்கிறது. மோட்டாருக்கு எடை வித்தியாசத்தையும் உராய்வையும் சமாளிக்கும் வேலைதான். போரில் அழிந்து 1986-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கட்டணம் அதிகம், பாஸும் செல்லாது. கீழே நின்று இரண்டு நடை வேடிக்கை பார்த்துவிட்டு, பாஸ் செல்லும் 16-ஆம் எண் பஸ்ஸில் மேலே போனேன். அங்கே 'மீனவர் கொத்தளம்' என்ற இடத்தின் கீழ்த் தளங்களிலிருந்து இலவசமாகவே முழு நகரமும் தெரிகிறது. அன்று காலையிலிருந்து நான் கடந்த ஆறு கீழே ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன ரயில்

அதே பஸ்ஸில் டேயாக் சதுக்கம் வந்தால் தரைக்கடியில், பழைய சுரங்கத்தின் ஒரு துண்டிலேயே, சின்ன மெட்ரோ மியூசியம். திங்கள் விடுமுறை. நுழைவுக்கு ஓர் ஒற்றை டிக்கெட்டின் விலை, அப்போது 350 ஃபோரின்ட். பழைய மரப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு உண்மையான முதலாம் எண் மெட்ரோவில் ஏறலாம்.

1896 மே மாதம் திறந்தது இது; ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் மின்சாரச் சுரங்க ரயில். லண்டன் மட்டும்தான் முந்தியது. அழகான ஆந்த்ராஷி சாலையில் டிராம் ஓட நகரம் சம்மதிக்கவில்லை. அதனால் சாலையைத் தோண்டி, தடம் போட்டு, மேலே இரும்பு உத்தரம் பரப்பி மூடிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் வேலை முடிந்தது. ஆழம் குறைவு என்பதால் நம் வயதுக்காரருக்கு மிகவும் சௌகரியம்: சில படி இறங்கினால் பிளாட்பாரம். அங்கே நிற்கும் தூண்களில் ரிவெட் வரிசையைக் கையால் தொடலாம். 2002 முதல் இது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னத்துக்குள் பஸ் பாஸைக் காட்டி உட்கார்ந்து போவது எத்தனை ஊரில் கிடைக்கும்?

வீரர்கள் சதுக்கத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கெலெட்டி. மாலை 6.40 வண்டி. ஒன்பதரைக்குள் மகன் வீட்டு மணியை அடித்துவிட்டேன்.

கணக்கு

பாஸ் 1,650, மியூசியம் 350, லாங்கோஷும் காபியும் 1,500, கழிப்பிடம் இரண்டு முறை 400: மொத்தம் 3,900 ஃபோரின்ட். ரயிலும் சேர்த்து நம் பணத்தில் சுமார் 4,000 ரூபாய். இன்று எல்லாம் ஏறியிருக்கிறது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். கழிப்பிடத்துக்குச் சில்லறை வேண்டும். மகன் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் தீராது. ஒரு நாளுக்கு ஐந்து இடம் போதும். முக்கியமாக, உங்கள் தொழில் கண்ணோடு பாருங்கள். ஆசிரியராக இருந்தவர் பள்ளியைப் பார்க்கட்டும், வங்கிக்காரர் பழைய வங்கிக் கட்டடத்தைப் பார்க்கட்டும். ஊர் தானாகப் பேசும்.

அன்றிரவு எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். செருப்புகளைப் பற்றிச் சொன்னபோது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அதை நானும் பார்க்கணும்" என்றாள். அடுத்த வருஷம் வரும்போது சேர்ந்து போகலாம் என்றேன். அடுத்த வருஷம் 2020, விமானமே ஓடவில்லை. பிறகு அவள் முழங்கால் ஆபரேஷன், அதன் பிறகு ஏதேதோ. இன்னும் போக வாய்க்கவில்லை. டிராமில் ஏறினால் பார்லிமென்ட் வரை உட்கார்ந்தே போயிருக்கலாம். அங்கிருந்து சில நிமிஷ நடைதான். அன்று அதை யோசிக்காமல் போய்விட்டேன்.

ஆகவே, இந்த வருஷம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜன்னலை விட்டு எழுந்து ஒரு நாள் வெளியே போய் வாருங்கள். முடிந்தால் இருவராகப் போங்கள்.